காரின் மூக்கில் மடு மண்

மடு மாதா துணை

பேசாலை,
வைகாசி மாதம்.

அன்புள்ள மகள் அன்ரோனெற்றுக்கு அப்பா எழுதுறது. நான் சுகம், வீடு சுகம், வளவில நிக்கிற கார் இப்ப நல்ல சுகம், கொம்மாதான் அரைச் சுகம். அங்க மெல்பேணில நீயும் மருமகன் பெனடிக்ற்றும் என்ர பேத்தி மார்த்தாக் குஞ்சும் குறையில்லாமல் இருக்கவேணும் எண்டு பின்னேரச் செபமாலையில உங்கள் மூண்டு பேரையும் பேர் சொல்லித்தான் மாதாவிட்டக் குடுக்கிறம். ஒவ்வொரு நாளும் முகம் பாத்துக் கதைக்கிற இந்தக் காலத்தில அப்பாக்கு ஏன் கடிதம் எழுதுற விசர் பிடிச்சது எண்டு நீ சிரிப்பாய். சிரி. ரெலிபோன் அடிச்சால் கொம்மா அதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரித் தட்டிவிட்டு மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறா, உன்னோட தனிய ஒரு சொல்லுக் கதைக்க நான் குடுத்துவைக்கேல்லை. கடற்கரைப் பக்கம் போய்க் கதைப்பம் எண்டு வெளிக்கிட்டால் ரெலிபோனை ஏன் கொண்டு போறியள் எண்டு கேட்டுக்கொண்டு வாசல் படலையடி மட்டும் பின்னால வாறா. அதாலதான் கடதாசியும் பேனையுமாய் இருக்கிறன். கொம்மா இப்ப கோவில் சபைக் கூட்டத்துக்குப் போட்டா, அவ வாறதுக்குள்ள எழுதவேணும்.

மடுக் கோவில் ஆவணித் திருநாளுக்கு மூண்டு பேரும் வாறம் எண்டு நீ சொன்ன அண்டைக்கு எங்கட வீடு கலியாண வீடு மாதிரிக் கிடந்தது. பேந்து ஒரு நாள் நீ கேட்டனி, அம்மாவும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வரவேணும், வாசலில வைச்சு மார்த்தாவை முதல் முதல் அம்மாவின்ர கையிலதான் குடுக்கவேணும் எண்டு. அதுக்குக் கொம்மா, முழங்கால் நோவு, அவ்வளவு தூரம் இருந்து வர ஏலாது, அப்பா வந்து ஏத்துவார், நான் வீட்டில சமைச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டா. நீ சரி அம்மா எண்டு மட்டும் சொன்னனி. அந்தச் சரி அம்மா எனக்கு முள்ளுக் குத்தின மாதிரி இருந்தது. பெத்த தாய் பேத்தியைப் பாக்க வர யோசிக்கிறா எண்டுதான் நீ நினைச்சிருப்பாய், ஆரெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பினம். முழங்கால் நோவும் இல்லை ஒரு கோதாரியும் இல்லை பிள்ளை. கொம்மாக்குக் காரில ஏறினால் முட்டு வருகுது, மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்து துடிக்கிறா. கட்டுநாயக்காவில இருந்து வாற வழியில, பேத்தி மடியில இருக்க, நடுறோட்டில தன்ர மூச்சு நிண்டுபோனால் என்ன செய்யிறது எண்ட பயத்திலதான் வரமாட்டன் எண்டு நிக்கிறா. பிள்ளைக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. வாயால சொல்லமாட்டன் எண்டுதான் சத்தியம் பண்ணினனான், கையால எழுதமாட்டன் எண்டு பண்ணேல்லை.

கொம்மாக்கு முட்டு ஒண்டும் புதுசில்லை, உனக்கும் தெரியும், பனிக்காலத்தில கொஞ்சம் இழுக்கும், மருந்துப் பம்பை வாய்க்குள்ள அடிச்சால் அடங்கிப்போகும். ஆனால் போன மாரிக்குப் பிறகு வந்தது வேற மாதிரி. வீட்டில நல்ல மாதிரித்தான் இருப்பா, அடுப்புப் புகைக்குள்ள நிண்டு சமைப்பா, கருவாடு காயப்போடுற இடத்தில நிண்டு ஊர்க்கதை எல்லாம் கதைப்பா, பூசையில சாம்பிராணிப் புகை முகத்தில அடிச்சாலும் ஒண்டும் இராது. காருக்குள்ள ஏறி, கண்ணாடியைப் பூட்டி, ஏசியைப் போட்டு, மன்னார் ரவுண் போய்ச் சேருறதுக்கு முதல் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கண்ணாடியை இறக்குங்கோ இறக்குங்கோ எண்டு கையைக் காட்டுவா. ஏசி குளிர்தான் ஒத்துவரேல்லை எண்டு ஏசியை நிப்பாட்டி, வெறும் விசிறியை மட்டும் போட்டுப் பாத்தன், அதுக்கும் அப்பிடித்தான். சீற்றைக் கழுவிக் காயவைச்சன். உள்ளுக்குத் தொங்கின வாசனைச் சாமானைக் கழட்டி எறிஞ்சன். கண்ணாடியை இறக்கிப்போட்டு ஓடினால் றோட்டுப் புழுதி அவவின்ர தலையில. கடைசியில என்ன நடந்தது தெரியுமோ, கிளினிக்குக்குக் கொம்மா பஸ்ஸில போகத் துவங்கினா. வளவில சொந்தக் கார் நிக்குது, நான் முப்பது வருசம் அரசாங்கச் சீரீபீ பஸ் ஓடின றைவர், என்ர மனிசி கையில குடையோட சந்தியில நிண்டு ஆரோ ஓடுற பஸ்ஸுக்குக் கை காட்டுறா. சந்தியில நிக்கிறவங்கள் எல்லாம், என்ன அமிர்தநாயகம் அண்ணை, வீட்டில சண்டையோ எண்டு கேக்கிறாங்கள். எனக்கு வந்த வெக்கத்துக்கு அளவில்லை.

கிளினிக்கில புதுசாய் ஒரு பொம்பிளை டொக்டர் வந்திருக்கிறா, சின்னப் பிள்ளை, உன்ர வயசுதான் இருக்கும். அவ கொம்மாவை இருத்தி வைச்சு ஆறுதலாய்க் கேட்டிருக்கிறா, எங்க எங்க முட்டு வருகுது, எங்க எங்க வரேல்லை எண்டு. காரில மட்டும் எண்டு கொம்மா சொன்ன உடன, அப்ப உங்கட வருத்தம் பாதி காருக்குள்ள கிடக்கு, ஏசியால வாற காத்துப் பாதையை ஆரெண்டாலும் பாத்தவையோ எண்டு கேட்டாவாம். கொம்மா வந்து எனக்குச் சொல்லேக்க எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. என்ர காரைப் பற்றி டொக்டரோ சொல்லுறது? எஞ்சினுக்குக் காத்துப் போற பில்ரரை மாசத்துக்கு ஒருக்காக் கழட்டித் தட்டித் துடைச்சுப் பூட்டுற மனிசன் நான். போனட்டைத் திறந்து கொம்மாவைக் கூப்பிட்டு, வாங்கோ, வந்து பாருங்கோ, முகம் பாக்கலாம், அவ்வளவு துப்பரவு எண்டு காட்டினன். கொம்மாவும் எட்டிப் பாத்திட்டு ஓம் நல்ல துப்பரவுதான் எண்டு சொல்லி இருமிக்கொண்டு குசினிக்குப் போட்டா.

அடுத்த நாள் ரவுணில சாமான் கடை வைச்சிருக்கிற எங்கட அப்துல் றசாக் நானாவிட்ட ஒயில் வாங்கப் போன இடத்தில இந்த டொக்டரின்ர கதையைச் சொல்லிப் புறுபுறுத்தன். அவர் சிரிக்கேல்லை. நான் கழட்டித் துடைக்கிறது எஞ்சின் மூச்சு விடுற பில்ரர், ஆக்கள் மூச்சு விடுறதுக்கு வேற ஒரு பில்ரர் இருக்கு, அது முன் சீற்றுக்கு முன்னால இருக்கிற லாச்சிக்குப் பின்னால ஒளிச்சிருக்கும் எண்டு சொன்னார். சொல்லிப்போட்டு, சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ, நானும் என்ர வானில அதை இண்டை வரைக்கும் திறந்து பாக்கேல்லை எண்டு தலையைச் சொறிஞ்சார். நான் ஓடின பஸ்ஸுகளுக்குப் பாதி ஜன்னலில கண்ணாடியே இல்லை, அங்க ஆர் பில்ரரைக் கண்டது? காருக்குள்ள வாற காத்து, முன் கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் கைக்கு அடியில இருக்கிற அந்தச் சின்னச் சின்ன நீக்கல்களுக்குள்ளால இறங்கி, இந்தப் பில்ரருக்குள்ளால புகுந்துதான் எங்கட முகத்துக்கு வருகுதாம். அது புழுதியைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு நல்ல காத்தை விடும், நிரம்பிப் போச்செண்டால் காத்தும் வராது, ஊத்தை நாத்தம்தான் வரும். வருசத்துக்கு ஒருக்காவது மாத்தவேணும், எங்கட பக்கத்துப் புழுதிக்கும் மணலுக்கும் அதுக்கு முதலே மாத்தவேணும் எண்டார். கார் யப்பானில இருந்து வந்து எங்கட கைக்கு மாறி எத்தினை வருசம், ஒரு நாளும் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகேல்லை. எஞ்சினுக்குப் பாத்தனான் பிள்ளை, கொம்மாக்குப் பாக்கேல்லை.

வீட்டை வந்து, கொம்மா சந்தைக்குப் போன நேரமாய்ப் பாத்து லாச்சியைத் திறந்து, உள்ளுக்குக் கிடந்த செபமாலை, பம்ப், பழைய ரிக்கற் எல்லாத்தையும் எடுத்து வெளியில வைச்சுப்போட்டு, ரெண்டு பக்கத்தையும் உள்ளுக்கு அமத்தி லாச்சியைக் கீழ தொங்கவிட்டன். பின்னால நீட்டாய் ஒரு மூடி. அதைக் கழட்டிக் கையை விட்டு இழுத்தால் வருகுது, வரேல்லை, வருகுது, பேந்து பொசுக்கெண்டு கையில வந்திட்டுது. விசிறி மடிச்ச மாதிரி மடிச்சிருக்கிற கடதாசி, கரையில யப்பான் எழுத்து. மாரித் தண்ணி பட்டுப் பூஞ்சணம் பிடிச்சு, ஒரு கரை கிழிஞ்சு தொங்குது. காஞ்ச வேப்பம் இலையும் கிடந்தது, அதை நான் எதிர்பாத்தனான். ஆனால் மடிப்பு மடிப்பாய், வரிசை வரிசையாய், அடைச்சுக்கொண்டு கிடந்தது சிவந்த மண். எங்கட பேசாலையில சிவந்த மண் எங்க இருக்கு? இங்க தோண்டினாலும் வெள்ளை மணல், பறந்தாலும் வெள்ளை மணல். கொஞ்சத்தை எடுத்து உள்ளங்கையில வைச்சுப் பாத்தன். பாத்த உடனேயே எனக்கு விளங்கிப்போச்சு, ஆனால் விளங்காத மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்தன். அது மடு மண்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ முதல் முதல் ஒஸ்ரேலியாவுக்குப் போகேக்க கொம்மா மடுக் கோவில் வளவு மண்ணைச் சின்னத் துணிப் பையில முடிஞ்சு உன்ர கைப்பைக்குள்ள வைச்சவ. புது வள்ளம் இறக்கினாலும், வீட்டுக்கு அத்திவாரம் போட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் அந்த மண்ணில ஒரு கிள்ளுப் போடாமல் எங்கட ஆக்களுக்குச் சரிவராது. அங்க இறங்கின இடத்தில வெளிநாட்டு மண் உள்ளுக்கு விட ஏலாது எண்டு அதை வாங்கி வைச்சிட்டினம் எண்டு நீ அழுதழுது சொன்னனி. பேந்து கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்புவமோ எண்டு கொம்மா கேட்டா, அதுவும் குற்றம் எண்டு நான்தான் மறிச்சன். அவ பேசாமல் விட்டிட்டா எண்டு நினைச்சன். அவவோ பேசாமல் விடுறவ! நீ அங்க கார் வாங்கின நாளில இருந்து, வேலை முடிஞ்சு ஓடிக்கொண்டு வரேக்க எங்களுக்கு ரெலிபோன் எடுப்பாய்தானே, இங்க அப்ப மத்தியானச் சமையல் நேரம். நீ வைச்ச உடன கொம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வளவுக்குப் போய்க் காருக்கு முன்னால கொஞ்ச நேரம் நிப்பா. காகம் கண்ணாடியில எச்சம் போட்டிருக்கோ எண்டு பாக்கிறா எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சன். உன்ர காருக்குப் போட ஏலாத மண்ணை எங்கட காருக்குப் போட்டிருக்கிறா பிள்ளை. வைப்பருக்குக் கீழ அந்த நீக்கல்களுக்குள்ள, மேல போட்டால் காத்தில பறக்கும், நான் கழுவினால் போயிடும் எண்டு, கார் தனக்குள்ள வைச்சிருக்கட்டும் எண்டு. போன வருசம் நீ மார்த்தாவை வயித்தில வைச்சுக்கொண்டு ஓடி, மழைக்குள்ள கார் சுத்திக் கம்பி வேலியில போய் இடிச்சு நிண்டதே, அதுக்குப் பிறகு கிள்ளு இல்லை, பிடி பிடியாய்ப் போட்டிருக்கவேணும். அந்தக் கடதாசி மடிப்பு முழுக்கக் கிடந்தது உன்ர பேர்தான். நான் அதைக் கையில வைச்சுக்கொண்டு முன் சீற்றில இருந்து அழுதன், உனக்கு என்ன, ஒளிக்கிறதோ.

அழுது முடிய யோசனை வந்திட்டுது. இதை உதறி றோட்டில எறிய ஏலாது, மாதாவின்ர மண்ணை நாலு பேர் மிதிக்கிறதோ? குப்பையிலயும் போட ஏலாது. பேப்பரை விரிச்சு, மூக்கில துணியைக் கட்டிக்கொண்டு, மெள்ள மெள்ளத் தட்டி எல்லாத்தையும் ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள்ள போட்டு மூடினன். கிழிஞ்ச கடதாசியைப் பின் வளவில வைச்சு எரிச்சன். றசாக் நானா வவுனியாவில இருந்து பஸ்ஸில புதுப் பில்ரர் எடுப்பிச்சுத் தந்தார். பூட்டிப்போட்டு ஏசியைப் போட்டால் காத்து வருகுது ஆனால் வாற மாதிரி வரேல்லை, நானாவுக்கு எடுத்துச் சொன்னால் அவர் சிரிச்சுப்போட்டு, கரையில ஒரு அம்புக்குறி இருக்குமே, அதை எந்தப் பக்கம் வைச்சனீங்கள் எண்டார். மேல பாத்து வைச்சிருக்கிறன்! திருப்பிக் காத்துப் போற பக்கம், கீழ பாத்து வைச்ச பிறகு பாக்கவேணும், செபமாலை ஆடுது, அப்பிடிக் காத்து. எல்லாம் சரி. ஆனால் கொம்மாக்கு என்னெண்டு சொல்லுறது? நீங்கள் பிள்ளைக்குப் போட்ட மண்தான் உங்களை இவ்வளவு நாளும் மூச்சுத் திணற வைச்சது எண்டு எந்த வாயால சொல்லுறது? சொல்லாமல் விட்டால் நாளைக்கு நீ ரெலிபோன் வைச்ச உடன புதுப் பில்ரருக்கும் மண் போகும். என்ன செய்யலாம் எண்டு நீ சொல்லு மகள். படலைச் சத்தம் கேக்குது, மிச்சம் பேந்து.

பேந்து எழுதுறது. மேல எழுதினதைத் தபாலில போடுறதுக்கு இடையில இங்க எல்லாம் நடந்து முடிஞ்சுது. ரின்னை நான் அலுமாரிக்கு மேல, பழைய குடைகளுக்குப் பின்னால வைச்சனான், கெட்டிக்காரத்தனம் எண்டு நினைச்சு. மழை வாற மாதிரி இருட்டிக்கொண்டு வர, கொம்மா குடை எடுக்கப் போயிருக்கிறா. ரின்னோட வந்து எனக்கு முன்னால கதிரையில இருந்தா. மூடியைத் திறந்து ஒரு விரலால தொட்டுப் பாத்து, இது எங்க இருந்து எடுத்தனீங்கள் எண்டு கேட்டா. சிவந்த மண்ணைக் கண்ட மனிசிக்கு நான் என்ன பொய் சொல்லுறது? லாச்சி, பில்ரர், அம்புக்குறி எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் சொன்னன். நான் ஏசுவன் எண்டு அவ பாத்துக்கொண்டு இருந்தா, அவ அழுவா எண்டு நான் பாத்துக்கொண்டு இருந்தன். ரெண்டும் நடக்கேல்லை. அப்ப இவ்வளவு நாளும் பிள்ளைக்குப் போட்டது என்ர நெஞ்சுக்குள்ளயோ வந்தது எண்டு கேட்டா. ஓம் எண்டன். கொஞ்ச நேரம் ரின்னைத் தடவிக்கொண்டு இருந்திட்டு, அதுக்கென்ன, பிள்ளைக்கு வரவேண்டியது எனக்கு வந்திருக்கு, அதைத்தானே நான் மாதாவிட்டக் கேட்டனான், என்ன வந்தாலும் என்னட்ட வரட்டும், அவளைத் தொடக்கூடாது எண்டு, அந்த வேலியில இடிச்ச அண்டைக்கு அவளுக்கு ஒரு கீறல் இருந்ததோ, இல்லையே, எனக்குத்தான் பிறகு முட்டு வந்தது, மாதா கேட்டதைக் குடுத்திருக்கிறா எண்டு சொல்லி, ஏதோ பரிசு விழுந்த மாதிரிச் சிரிக்கிறா. சிரிச்சுப்போட்டு, அப்ப நான் ஏன் நிப்பாட்டவேணும் எண்டு கேட்டா.

எனக்கு வந்த கோவம் உனக்குத் தெரியும்தானே, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அப்பிடி ஒரு நாளும் கத்தினதில்லை. உனக்கு விசரோ, உன்ர மூச்சை வித்தோ பிள்ளை கார் ஓடுறது, நீ போனால் நான் ஆரோட இருக்கிறது எண்டு கத்திப்போட்டன். கொம்மா அசையேல்லை, அவவின்ர பிடிவாதம் உனக்கும் வந்திருக்கு, அதால சொல்லத் தேவையில்லை. கோவத்தில வெளியில போய்க் காரடியில நிண்டன். பின் சீற்றைப் பாக்க, அங்க குழந்தைக்குப் பூட்டுற இருக்கை, பெனடிக்ற் சொன்னார் எண்டு றசாக் நானாவின்ர மகள் றம்லாவிட்ட இரவல் வாங்கி நான் முதலே பூட்டி வைச்சது. திரும்பி உள்ளுக்கு வந்து, சத்தம் போடாமல் சொன்னன். கட்டுநாயக்காவில இருந்து இந்தக் காருக்குள்ளதான் மார்த்தா வரப்போறாள், கண்ணாடி பூட்டின காருக்குள்ள உனக்கு ஒரு காத்து, அவளுக்கு ஒரு காத்து எண்டு இல்லை, அவளின்ர நெஞ்சு என்ர உள்ளங்கை அளவுதான் இருக்கும், நீ போடுறதெண்டால் போடு, நான் மறிக்கமாட்டன் எண்டு சொன்னன். கொம்மாவின்ர முகம் விழுந்துபோச்சு. எழும்பி, பழைய பல்லுத் துலக்கிற பிறஸ்ஸும் ஈரத் துணியும் எடுத்துக்கொண்டு வளவுக்குப் போய், அந்த வைப்பர் நீக்கல் ஒவ்வொண்டாய்ச் சுரண்டித் துடைச்சா. மழை தூறத் துவங்கியும் உள்ளுக்கு வரேல்லை. நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டன். துடைச்சு முடிய, அந்த லாச்சியைத் திறந்து எனக்கும் காட்டுங்கோ எண்டு கேட்டா. இப்ப என்னை விட வடிவாய்க் கழட்டுறா, கண்டியோ.

போன வியாழன் மடுவுக்குப் போய்ப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டம், அதுதான் பரீட்சை ஓட்டம். பம்பைக் கைக்குள்ள பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறினா. கண்ணாடி எல்லாம் பூட்டி, ஏசி போட்டு, மன்னார்ப் பாலம் தாண்டும் மட்டும் நான் றோட்டைப் பாக்கிறன், அவவின்ர கையைப் பாக்கிறன். தள்ளாடிச் சந்திப் பக்கம் வர, பொத்தின கை கொஞ்சம் தளர்ந்தது. உயிலங்குளத்தில வயல் பச்சையாய்க் கிடக்குது, இங்க நிப்பாட்டி வெள்ளரிக்காய் வாங்குவமோ எண்டு கேட்டா, எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்ல ஏலாது. முருங்கனுக்குப் போக முதல் ஒரு சத்தமும் இல்லை. பயந்து திரும்பிப் பாத்தால் வாயைத் திறந்துகொண்டு நித்திரை, நல்ல குறட்டை. பஸ் ஓடின காலத்தில எஞ்சின்ர சத்தத்தைக் கேட்டு ஓடினனான், அண்டைக்குக் கொம்மாவின்ர குறட்டையைக் கேட்டுக் கேட்டு, அது குழம்பிடக்கூடாது எண்டு மாட்டு வண்டில் மாதிரி ஓடினன். பின்னால வந்த லொறிக்காரன் ஹோண் அடிச்சு ஏதோ பேசிக்கொண்டு முந்திப் போனான், போகட்டும்.

மடுவில மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினம். அந்த ரின்னில கிடந்த மண்ணை எடுத்த இடத்திலயே கொட்டுவம், அதுதான் முறை எண்டு நான்தான் கொண்டு போனனான். கொம்மா மூடியைத் திறக்க விடேல்லை. இது பொதுவாய்ப் போட்ட மண் இல்லை, ஒவ்வொரு தரமும் அவளின்ர பேரைச் சொல்லிப் போட்டது, உரியவள் தன்ர பிள்ளையோட வந்து தன்ர கையால கொட்டட்டும் எண்டு சொல்லித் திருப்பிக் கொண்டு வந்திட்டா. அதால அந்த ரின் இப்ப லாச்சிக்குள்ள இருக்கு, மூடியைச் சுத்தி ஒட்டுநாடா ஒட்டி, ஒரு தூசி வெளியில வராத மாதிரி. நீ ரெலிபோன் வைச்ச பிறகு கொம்மா இப்பவும் காரடிக்குப் போறா, லாச்சியைத் திறந்து ரின்னில கையை வைச்சு மன்றாடிப்போட்டு லாச்சியைப் பூட்டிக்கொண்டு வாறா.

இனி உன்ர கதைக்கு வாறன். உன்ர காரிலயும் லாச்சிக்குப் பின்னால அப்பிடி ஒண்டு இருக்கு, பெனடிக்ற்றைக் கொண்டு திறந்து பாக்கச் சொல்லு, கம்பனிக்காரர் பாப்பினம் எண்டு விடாதேங்கோ. உங்க கோடையில காடு எரிஞ்சு புகை வாற நேரம் முடிய உடனே மாத்தவேணும். கடதாசிப் பில்ரரைத் தண்ணியில கழுவ வேண்டாம், தட்டிப் போடுறது புதுசு வாங்கும் மட்டும்தான், அம்புக்குறி காத்துப் போற பக்கம், அப்பாவின்ர பிழையை நீங்களும் விடவேண்டாம். கண்ணாடியில பனிப்புகார் பிடிச்சு விடாமல் நிண்டாலோ, ஏசி போட்ட உடன ஈரச் சாக்கு நாத்தம் வந்தாலோ பில்ரரைப் பாருங்கோ. மழைக்க மெள்ள ஓடு. ஓடிக்கொண்டு எங்களோட கதையாத, வீட்டை போய் இருந்துகொண்டு எடு, நாங்கள் எங்க போகப்போறம். மார்த்தாவுக்கு வரேக்க காதை மூடுற தொப்பி போட்டுக் கொண்டு வா, இங்கத்தைக் காத்து உனக்குப் பழக்கம், அவளுக்கு இல்லை. இந்தக் கடிதத்தைக் கடைசியில கொம்மாக்கே வாசிச்சுக் காட்டினன், சத்தியம் முறிச்சதுக்கு ஏதும் சொல்லுவா எண்டு பாத்தால், குறட்டை விட்டது எண்டு எழுதினதை வெட்டுங்கோ எண்டு மட்டும் சொல்லுறா. வெட்டமாட்டன்.

மடு மாதா உன்னையும் மருமகனையும் பேத்தியையும் தன்ர மேலாடைக்குள்ள வைச்சுக் காப்பாத்தட்டும், உங்கட ஓட்டமும் நடையும் அவவின்ர கண்ணுக்கு முன்னால இருக்கட்டும், அப்பாவின்ர ஆசீரும் அம்மாவின்ர முத்தமும். ஞாபகம் வைச்சுக்கொள், கட்டுநாயக்காவில வெளியில வந்த உடன சனத்துக்குள்ள என்னைத் தேடாத, நான் கட்டை, தெரியமாட்டன். கம்பிக்குக் கிட்ட எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் பாரு, முழங்கால் நோவுக்காரி அங்கதான் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிப்பா. பிள்ளையை அந்தக் கையில குடு.

இப்படிக்கு,
உன்ர வரவுக்குக் காரைத் துடைச்சு வைச்சுக்கொண்டிருக்கிற அப்பா,
சூ. அமிர்தநாயகம்